கேட்டுக்கு வெளியே இருபத்து நாலு வருஷம்

ஒரு பல்கலைக்கழகம் என்றிருந்தால் அதற்கு ஒரு வேந்தர் வேண்டும், ஒரு துணைவேந்தர் வேண்டும், வாசலில் ஒரு சரஸ்வதி சிலை வேண்டும், சிலைக்குப் பின்னால் தண்ணீர் வராத ஒரு நீரூற்றும் வேண்டும். நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஞானவாரிதி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இவையெல்லாம் குறைவின்றி இருந்தன. வரலாறு ஒன்றுதான் இல்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் யாரும் தேடவுமில்லை.

கேட்டது மதிப்பீட்டுக் குழு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து மூன்று பேர் வருவார்கள். சுற்றிப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், கிரேடு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். ஞானவாரிதியில் படிவம் நிரப்புவதற்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்தக் கேள்வி கேட்டாலும் ‘ஆம்’ போட்டுவிடுவார்கள். நீச்சல் குளம் உண்டா, ஆம். கடலியல் ஆய்வகம் உண்டா, ஆம். ‘இல்லை’ என்று போட்டால் ஏன் இல்லை என்று காரணம் எழுதச் சொல்லும், ‘ஆம்’ என்று போட்டால் ஒன்றும் எழுத வேண்டாம் என்பது தர உறுதிப் பிரிவின் பொறுப்பாளர் சபீனா மேடம் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை.

இந்த வருஷம் மேலிடத்தில் யாரோ ஒரு புத்திசாலி மென்பொருளை மாற்றிவிட்டான். ‘ஆம்’ போட்டால் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. இருநூற்றுப் பதினாலாம் கேள்வி: ‘வெளிப்புறக் கல்வித் திட்டம் உண்டா?’ சபீனா மேடம் கைப்பழக்கத்தில் ‘ஆம்’ போட்டார். ‘எந்த ஆண்டு முதல்?’ என்று கேட்டது. பல்கலைக்கழகம் தொடங்கிய 2001-ஐப் போட்டார். ‘திட்டத்தின் வரலாற்றைத் தக்க ஆதாரங்களுடன் நாற்பது பக்கங்களுக்குக் குறையாமல் இணைக்கவும்’ என்றது. படிவம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. குழு வருவதற்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

வரலாறு எழுதும் பணி தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர் ஹேமநாதனிடம் வந்தது. பொறியியல் சொல்லித்தரும் இடத்தில் தமிழ்த் துறை என்பது இரண்டு நாற்காலி, ஒரு பீரோ. ஹேமநாதன் திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர். திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரயிலும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறி வேலைக்கு வருபவர். முல்லைத் திணையில் காத்திருத்தல் என்ற தலைப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர். தலைவன் எப்போது வருவான் என்று தலைவி காத்திருப்பதைப் பற்றி நானூறு பக்கம் எழுதிய மனிதர், பர்மனன்ட் ஆர்டர் எப்போது வரும் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தார்.

அங்கே பர்மனன்ட் ஆனவர்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நீலப் பட்டை, ஆகாதவர்களுக்கு மஞ்சள் பட்டை. நீலப் பட்டைக்காரர்கள் தாமதமாக வந்தால் பின்வாசல் வழியாகக் காரிலேயே உள்ளே போகலாம். மஞ்சள் பட்டை எட்டரை மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் மாணவர்களோடு சேர்ந்து முன் கேட்டில் நிற்க வேண்டும். அதைக்கூட ஹேமநாதன் பொறுத்துக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் மாமனார் ஜம்புலிங்கம் நாலு பேர் நடுவில் வைத்து, “இன்னும் பர்மனன்ட் ஆகலையா மாப்ளே?” என்று கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மனைவி அகல்யா அந்த நேரங்களில் பந்தியில் உப்பு வைக்கப் போவது போல எழுந்து போய்விடுவாள்.

துணைவேந்தர் மனோகரன் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு மாநாட்டில் இளைய தலைமுறையை இயற்கையோடு இணைக்க வேண்டும் என்று யாரோ பேசியதைக் கேட்டதிலிருந்து துணைவேந்தருக்கு இயற்கை மேல் அளவில்லாத பற்று. அறையின் நாலு சுவரிலும் காட்டுப் படம் ஒட்டி, ஏசியைப் பதினெட்டில் வைத்து, அந்தக் காட்டுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே நிஜமாக ஒரு வேப்ப மரம் இருந்தது. காட்டுப் படம் ஒட்டியபோது ஜன்னலும் மறைந்துவிட்டது.

“நீங்க தமிழ். உங்களுக்குத்தான் கதை எழுத வருமே,” என்றார். “வரலாறு கைக்கு வந்த அன்னைக்கு உங்க பர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்து. ஆர்டர் டைப் பண்ணி இங்கேயே வெச்சிருக்கேன் பாருங்க.”

ஹேமநாதன் பார்த்தார். மேஜையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், அவர் பெயர் போட்ட தாள் இருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆதாரம் தேடப் புறப்பட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இருபத்து நாலு வருஷத்தில் பல்கலைக்கழகம் மாணவர்களை வெளியே அழைத்துப் போனது ஒரே ஒரு தடவை. 2009-இல் மாமல்லபுரம் போகக் கிளம்பிய பஸ், வானகரத்தில் நின்றுவிட்டது. மாணவர்கள் மூன்று மணி நேரம் பைபாஸ் ஓரமாக நின்று லாரிகளைப் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைத் தின்று திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மரம் நடு விழா. அதில் மாறிக்கொண்டே வந்தது விருந்தினர் மட்டும்தான், குழி ஒன்றுதான். சபீனா மேடத்திடம் போய் நின்றால், போட்டோ இருக்கிறதா, போட்டோவில் அட்சரேகை தீர்க்கரேகை விழுந்திருக்கிறதா, பின்னால் பேனர் தெரிகிறதா என்று அடுக்கினார். பேனர் இல்லாமல் நடந்த எதுவும் நடந்ததாகவே கணக்கில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பதினொரு நாள் இப்படியே போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை, இந்து கல்லூரி ஸ்டேஷனுக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயில் நின்றது. ஏன் நின்றது என்று ரயிலுக்கும் தெரியாது. ஹேமநாதன் நசரத்பேட்டை கேட்டுக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பது. கேட்டில் காவலாளி கோவிந்தன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஐம்பது அறுபது மாணவர்கள் நின்றார்கள். தாடி, பட்டை இல்லை, ஷூ இல்லை, தாமதம் என்று ஆளுக்கொரு குற்றம்.

“இன்னா சார் பண்றது, ரூல்ஸ் அப்டி கீது,” என்று சொல்லிக்கொண்டே கோவிந்தன் ஒரு நீள நோட்டை நீட்டினார். “இதுல ஒரு சைன் போட்டுக்கினு நில்லுங்கோ. பத்து மணிக்கு உட்டுர்றேன்.”

ஹேமநாதன் பேனாவை எடுத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தார். தேதி, பெயர், துறை, நின்ற நேரம், விட்ட நேரம், ரீசன், கையெழுத்து. ஆதாரம் என்றால் இதுதான் என்று அவருக்குப் பட்டது. இந்த நோட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

கோவிந்தன் சொன்னது இது. பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் இது ஏரிப் பாசன நிலம். கோவிந்தனின் அப்பா இதில் கூலிக்கு நாற்று நட்டவர். நிலம் கைமாறிக் கட்டடம் எழும்பியபோது கோவிந்தனுக்கு கேட்டில் வேலை கொடுத்தார்கள். முதல் நாளே, வெளியே நிறுத்துகிறவன் பேரையெல்லாம் எழுது என்று பழைய துணைவேந்தர் சொன்னார். எழுதுவதை நிறுத்து என்று அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை. ஆகவே எழுதிக்கொண்டே இருக்கிறார். நாற்பத்தோரு நோட்டு ஆகியிருக்கிறது. எல்லாம் செக்யூரிட்டி ரூம் பரணில், அரிசிச் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. 2015 வெள்ளத்தில் ஒன்று மட்டும் நனைந்துவிட்டது.

“யாருமே கேட்டதில்லியா?”

“நீங்கதான் சார் மொதல்ல கேக்குறீங்கோ.”

நிற்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார் ஹேமநாதன். சும்மா நின்றால் அவனுங்களுக்கும் கடுப்பு, தனக்கும் கடுப்பு என்று கோவிந்தன் ஏதாவது வேலை கொடுப்பாராம். மழைக்காலத்தில் சர்வீஸ் ரோட்டுக் கால்வாயில் அடைப்பு எடுப்பார்கள். ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி வழி விடுவார்கள். புதரிலிருந்து பாம்பு வந்தால் அது சாரையா விரியனா என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி ஓட்டுவார்கள், அல்லது ஓடுவார்கள். கேட்டை ஒட்டியிருந்த ஏழு புங்க மரமும் அவர்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தவைதான். எந்தப் பேனரும் இல்லாமல் வளர்ந்ததால் அவை பல்கலைக்கழகத்தின் கண்ணில் படவில்லை.

அன்று பத்து மணிக்கு கோவிந்தன் விட்டபோது, ஹேமநாதன் அரிசிச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஏழே நாளில் நாற்பது பக்கம் கேட்ட இடத்தில் தொண்ணூற்றாறு பக்கம் எழுதி முடித்தார். முல்லைத் திணை அவர் கையில் அன்றுவரை கண்டிராத பயனைக் கொடுத்தது. ‘நான்கு சுவர்களுக்குள் சிறைப்பட்ட அறிவை விடுவிக்கும் உன்னத நோக்குடன், இப்பல்கலைக்கழகம் தொடங்கிய முதல் நாளே, வகுப்பறைக்குள் செல்லவிருந்த பதினேழு மாணவர்கள் தடுத்தாட்கொள்ளப்பட்டு, இயற்கையின் மடியில் நிறுத்தப்பட்டனர்’ என்று தொடங்கியது வரலாறு. ‘ரீசன்’ என்ற கட்டம் ‘கற்போரின் தனித்தன்மை’ என்றாயிற்று. அட்டவணையைப் பார்த்தால் தாடித் தனித்தன்மை கொண்டவர்கள் நாற்பத்தோரு சதவீதம் இருந்தார்கள். நனைந்த நோட்டு ‘பருவநிலை மாற்றத்தின் நேரடிச் சான்று’ என்று பிற்சேர்க்கையில் சேர்ந்தது.

எழுதும்போது ஹேமநாதனுக்கு ஒரு இடத்தில் உறுத்தியது. அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. தேதி உண்மை, பெயர் உண்மை, கையெழுத்து உண்மை. எல்லாம் உண்மையாக இருந்து மொத்தத்தில் எப்படி இப்படி ஆகிறது என்று யோசித்தார். பிறகு மாமனாரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, மேலே எழுதினார்.

மனோகரன் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். ஆனால் ஆர்டரில் கையெழுத்து குழு வந்து போன பிறகுதான் என்றார்.

குழு வரும் நாளில் ஒரு சிக்கல் முளைத்தது. அன்றைக்கு எல்லா மாணவர்களும் சவரம் செய்து, பட்டை மாட்டி, எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று துணைவேந்தரே சுற்றறிக்கை விட்டிருந்தார். எல்லாரும் உள்ளே இருந்தால் வெளிப்புறக் கல்விக்கு யார் இருப்பார்கள்? ஆகவே, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் அறுபது பேரைப் பொறுக்கி எடுத்து, பச்சை டிராக் சூட் போட்டு, கேட்டுக்கு வெளியே ஷாமியானா கட்டி, நாலு ஏர்கூலர் வைத்து நிறுத்தினார்கள். பேனர் இருபதடி. அன்றுதான் முதல் முறையாக வெளியே நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு, வெளியே எப்படி நிற்பது என்று தெரியவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன் பரத் அன்றைக்கும் தாடியோடு வந்தான். அவன் பெயர் நோட்டுகளில் இருநூற்று எண்பத்தேழு முறை இருந்தது. தாடியைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர்கள் பதறிப்போய், இந்தக் கோலத்தில் ஷாமியானாவுக்குள் நிற்காதே, அந்தப் புங்க மரத்துக்குப் பின்னால் போய் நில் என்றார்கள். இப்படியாக வெளிப்புறக் கல்வியிலிருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட முதல் மாணவன் என்ற பெருமை பரத்துக்குக் கிடைத்தது.

குழுத் தலைவர் பேராசிரியர் கோகுல்நாத் விவரமான ஆள். இருபதடி பேனரைத் தாண்டி நடந்து, நேராக மரத்துக்குப் பின்னால் போனார். மனோகரனும் ஹேமநாதனும் பின்னாலேயே ஓடினார்கள்.

“நீங்க இங்கே என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் கோகுல்நாத்.

பரத் சொன்னான். சத்தத்தை வைத்தே எந்த லாரியில் லோடு இருக்கிறது, எது காலி என்று தெரியும் என்றான். கால்வாய் எங்கே அடைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும் என்று தெரியும் என்றான். போன வருஷம் விரியன் கடித்த ஒரு மேஸ்திரியை அசைக்காமல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதைச் சொன்னான். மேஸ்திரி இப்போது நன்றாக இருக்கிறாராம், தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாராம். கோகுல்நாத் குறித்துக்கொண்டே வந்தார்.

“சரி. உள்ளே என்ன கத்துக்கிட்டீங்க?”

கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பரத் பாடுபடுவது முகத்தில் தெரிந்தது.

“உள்ள ஏசி ஓடும் சார்,” என்றான்.

நாட்டிலேயே முன்மாதிரியான திட்டம் என்று குழு எழுதிவைத்துவிட்டுப் போயிற்று. கிரேடு வந்தது. நெடுஞ்சாலையில் பூந்தமல்லி வரைக்கும் மனோகரன் சிரிக்கும் பேனர்கள் எழும்பின. ஹேமநாதன் கழுத்தில் நீலப் பட்டை ஏறியது. அன்று சாயங்காலமே அகல்யா அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, “உங்க மாப்ளே பர்மனன்ட்டுப்பா” என்றாள். ஹேமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் நாள்தான் ஆர்டரின் பின்பக்கத்தில் புதிதாகச் சேர்த்திருந்த வரியைப் படித்தார். ‘மேற்கண்ட பணி நிரந்தரமானது, வெளிப்புறக் கல்வித் திட்டத்தில் நாளொன்றுக்கு அறுபது பேருக்குக் குறையாமல் வெளியே நின்று கற்கும் காலம் வரை’ என்றிருந்தது. அறுபது பேர் நாள்தோறும் தானாகவே வந்து நிற்கிறார்கள், இதற்கென்ன கவலை என்று நினைத்துக்கொண்டார்.

நல்லது ஒன்று நடந்தால் அதைப் பாடத்திட்டமாக்காமல் விட மாட்டார்கள். வெளிப்புறக் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. ஐந்து அலகு, இரண்டு அசைன்மென்ட், ஒரு செமினார், நூறு மதிப்பெண்ணுக்குத் தேர்வு. அலகு மூன்று: ‘நிற்றலின் கோட்பாடுகள்.’ அலகு நாலு: ‘பாம்பு – வரையறையும் வகைகளும்’, பக்கம் பக்கமாகப் படமில்லாமல். கேட்டில் கோவிந்தனுக்கு கௌரவப் பயிற்றுநர் என்று பட்டம் சூட்டி, சம்பளம் அதேதான் என்று கடிதம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு கேட்டில் ஒருவர்கூட இல்லை.

செவ்வாயும் இல்லை. மாணவர்கள் எட்டு மணிக்கே வந்தார்கள். வழவழவென்று சவரம் செய்து, ஷூ மாட்டி, பட்டை மாட்டி, தலை குனிந்து சரசரவென்று வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக எல்லா வகுப்பறையும் நிறைந்தது. மனோகரனால் இதைத் தாங்க முடியவில்லை. ஒழுக்கம் இந்த அளவுக்குக் கெட்டுவிட்டதே என்று அவசரக் கூட்டம் போட்டார். ‘வெளிப்புறக் கல்விக்கு வராமல் வகுப்பறைகளில் ஒளிந்து பாடம் கேட்கும் மாணவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று சுற்றறிக்கை போயிற்று. ஒருவனும் அசையவில்லை.

ஹேமநாதன் பரத்தைத் தேடிப் போனார். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தாடி இல்லாத முகத்தில் அவனை அடையாளம் காணவே நேரம் ஆயிற்று. ஒரு வாரத்துக்காவது வெளியே வந்து நில்லப்பா, என் வேலை அதில் இருக்கிறது என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

“சார், உங்க மேல மரியாத கீது சார்,” என்றான் பரத். “ஆனா அது சப்ஜெக்ட் ஆய்ட்ச்சே சார். சப்ஜெக்ட்டுன்னா கட் அடிக்காம எப்டி சார்?”

ஹேமநாதன் திரும்பி நடந்தார். மாணவனாக இருந்தபோது அவரும் அப்படித்தான் இருந்தார்.

மூன்றாம் வாரம் துணைவேந்தர் கூப்பிட்டார். அறுபது இல்லையென்றால் கிரேடு போய்விடும், கிரேடு போனால் ஆர்டரும் போய்விடும் என்றார். கண்ணாடிக் குண்டை எடுத்து உருட்டிக்கொண்டே, ஆர்டரில் அறுபது ‘பேர்’ என்றுதானே இருக்கிறது, மாணவர் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டுப் படத்தில் ஒரு புலி ஹேமநாதனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் நீலப் பட்டை, மஞ்சள் பட்டை என்ற பேதமில்லாமல் அறுபது ஆசிரியர்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவரவர் பர்மனன்ட் அவரவருக்கு என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. பாம்பு வந்தால் ஓட்டத் தெரியவில்லை, கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்றும் தெரியவில்லை, ஆனாலும் நின்றார்கள். உள்ளே மாணவர்கள் ஆசிரியர் இல்லாத வகுப்புகளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் இல்லை என்பதை ஐந்து வாரம் யாரும் கவனிக்கவில்லை. செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது தேர்ச்சி விகிதம் பதினாலு சதவீதம் கூடியிருந்தது.

மேலிடத்திலிருந்து இடைக்கால ஆய்வு என்று இன்னொரு படிவமும் வந்தது. ‘ஆசிரியர் இல்லாமல் தாமே கற்கும் வகுப்பறைத் திட்டம் உண்டா?’ சபீனா மேடம் வெயிலில் நின்றபடியே போனில் ‘ஆம்’ போட்டார்.

அன்று காலை ஹேமநாதன் சீக்கிரமே வந்துவிட்டார். மணி எட்டு பத்து. கேட் திறந்திருந்தது. உள்ளே போக அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. மழமழவென்று சவரம், பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் நீலப் பட்டை. புங்க மரத்தடியில் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். பின்னால் ஐம்பத்தொன்பது முனைவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கோவிந்தன் நாற்பத்திரண்டாவது நோட்டைப் பிரித்தார். தேதி எழுதினார், பெயர் எழுதினார், துறை எழுதினார். ரீசன் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு ஹேமநாதனை மேலும் கீழும் பார்த்தார். தாடி இல்லை, தாமதம் இல்லை, ஷூவும் பட்டையும் இருந்தன.

“சார், ரீசன் இன்னான்னு போட்டும்?”

ஹேமநாதன் பேனாவை வாங்கி, தன் கையாலேயே எழுதினார்.

“பர்மனன்ட்.”

கோவிந்தன் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கீழே ஐம்பத்தொன்பது வரிகளுக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போனார்.